திறந்த வண்டியா, கூரை வண்டியா?

வண்டிக்குக் கூரை வேண்டுமா, வேண்டாமா என்ற வினா மோட்டார் காருடன் பிறந்ததன்று. எங்கள் அட்டாளைச்சேனைப் பகுதியிலே வயல் வட்டைகளுக்கு மாட்டு வண்டில்கள் போய்வந்த காலத்தில் அவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்று இருந்தது. நெல் மூடையும் வைக்கோலும் ஏற்றுவதற்குத் திறந்த வண்டில். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் ஏறுவதற்குக் கூடார வண்டில். போடியார் வீட்டு முற்றத்தில் இரண்டும் நின்றன. எதனை எதற்குப் பூட்டுவது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. வண்டிலின் வடிவை அதன் பயனே தீர்மானித்தது.

அதே வினா இன்று புதிய உடுப்பு அணிந்து எங்கள் ஊருக்குள் வந்திருக்கிறது. என்னிடம் தமிழ் படித்த இளைஞர் ஒருவர் கத்தார் நாட்டில் ஏழு வருடம் சாரதியாக உழைத்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியுள்ளார். வீடு கட்டி முடிந்தது. தங்கைக்குக் கலியாணமும் ஒப்பேறிவிட்டது. மிஞ்சிய சிறு தொகையைக் கொண்டு தமது கையாலேயே இருவர் இருக்கக்கூடிய கார் ஒன்றைச் செய்ய வேண்டுமென்பது அவரது ஆசை. பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் சில்லுகளையும் எடுத்து, இரும்புக் குழாயால் அடிச்சட்டம் ஒட்டி, அதன்மேல் பைபர் உடலை ஏற்றுவது அவர் திட்டம். எவ்வுடலை ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். கூரையற்ற ரோட்ஸ்டரா? கூரையுடைய கூபேயா? அவருடைய நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "சேர், நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார்.

தமிழாசிரியனுக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இது ஒருவரின் தனி விருப்பத்தோடு முடிந்துவிடும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருட வியர்வை இதில் அடங்கியிருக்கிறது. அவருடைய கராஜின் வாசலிலே பாடசாலை விட்ட பிள்ளைகள் கூடி நின்று பார்க்கின்றனர். முதல் வண்டி ஓடினால் இரண்டாவது தோன்றும். பாதியில் நின்றால் "இதெல்லாம் எங்களுக்கு ஆகாது" என்ற சொல்லே ஊரில் நிலைக்கும். ஆதலின் என் கருத்தைப் பொதுவிலே எழுதத் துணிந்தேன்.

முதலிலே சொற்களைப் பார்ப்போம். ரோட்ஸ்டர் என்னும் ஆங்கிலச் சொல் காருக்கு முன்னர் குதிரையைக் குறித்தது. நெடும்பாதையில் ஏறிச் செல்வதற்கு ஏற்ற குதிரைக்கு அப்பெயர் வழங்கிற்று. கூபே என்பது பிரெஞ்சுச் சொல். அதன் பொருள் 'வெட்டப்பட்டது' என்பது. நான்கு பேர் எதிரெதிரே இருக்கும் மூடு வண்டியின் ஒரு பாதியை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் இருக்கும் வண்டியாக்கியபோது அப்பெயர் எழுந்தது. ஆக, ஒரு சொல் குதிரையின் முதுகிலிருந்தும் மற்றது வண்டியின் உள்ளிருந்தும் வந்தவை. முன்னதில் காற்றோடு கலந்து செல்லும் ஆசை உண்டு. பின்னதில் காப்போடு செல்லும் ஆசை உண்டு. இரண்டும் மனிதனுக்கு இயல்பான ஆசைகளே. எதனையும் இழிவென்று தள்ளிவிடுதல் முறையன்று.

இனி, பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்தும் கார் என்ற வழக்கம் வேரூன்றிய இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே முழுதாக முடிந்த காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பகுதிகளாக வாங்கி வீட்டிலே பொருத்துவோர் அவ்வரியிலிருந்து தப்பினர். 1973 இல் பெறுமதி சேர் வரி வந்தபோது அந்தச் சலுகை மறைந்தது. அதற்கு முன்னர் இவ்வழியால் பெயர் பெற்றவர்களுள் தலையாயவர் லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சப்மன். அவர் 1957 ஆம் ஆண்டிலேயே இரு வேறு வண்டிகளை உலகுக்குக் காட்டினார். ஒன்று லோட்டஸ் செவன்: கதவும் கூரையும் இல்லாத எளிய திறந்த வண்டி. மற்றது லோட்டஸ் எலீட்: கூரையுடைய அழகிய கூபே. எலீட்டுக்குத் தனியான அடிச்சட்டமே கிடையாது. சில இடங்களில் பதித்த உருக்குத் துண்டுகள் தவிர, கண்ணாடி நாரால் ஆன உடலே பாரம் முழுவதையும் தாங்கிற்று. அதன் கூரை வெறும் மறைப்பாக இருக்கவில்லை. வண்டியின் முதுகெலும்பில் ஒரு பங்காகவே இருந்தது.

ஐந்து வருடங்களின் பின், 1962 இல், அதே சப்மன் எலான் என்ற திறந்த காரைச் செய்தார். கூரை நீங்கியதும் பைபர் உடல் மட்டும் பாரத்தைத் தாங்க இயலாமற் போயிற்று. எனவே நடுவிலே முதுகெலும்பு போன்ற உருக்குச் சட்டகம் ஒன்றை வைத்தே அதனைக் கட்டினார். நமது வினாவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. கூரையை எடுத்தால் அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு கைகளாலும் முறுக்குங்கள், எளிதில் வளையும். அதனை மேலுறைக்குள் தள்ளிவிட்டு முறுக்குங்கள், விறைத்து நிற்கும். தாளின் தடிப்பு மாறவில்லை. மேலே ஒரு மூடி சேர்ந்தது, அவ்வளவே. எங்கள் கரையிலுள்ள பைபர் படகுகளும் இந்த உண்மையைத் தம் வழியிலே சொல்கின்றன. படகு திறந்த பொருள். ஆகையாற்றான் அதன் விளிம்பைத் தடிப்பாக்கிக் குறுக்கே பலகைகளை வைத்துக் கட்டுகிறார்கள். அக்குறுக்குப் பலகைகள் இல்லையாயின் அலையின் மேல் படகின் இரு விலாக்களும் அசையும். மேடு பள்ளத்தில் ஓடும் திறந்த காரும் அத்தகையதே. அதன் சட்டகம் முறுகினால் கதவு இறுகும், முன்கண்ணாடி வெடிக்கும், ஒட்டிய இடம் களைக்கும்.

கூரையின் மேன்மைக்கு மேனாட்டார் கூறும் இன்னொரு சான்றும் உண்டு. 1962 இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏசி நிறுவனத்து இலகுவான திறந்த காரிலே போர்ட் நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சினை வைத்துக் கோப்ரா என்ற வண்டியை உருவாக்கினார். குறுகிய ஓட்டத்தில் அது பலரை வென்றது. பிரான்சின் லெ மான்ஸ் ஓடுபாதையில் ஆறு கிலோமீற்றர் அளவான நேர்ப்பாதை வந்தபோது அதன் திறந்த வாயே அதற்குப் பகையாயிற்று. காற்று உள்ளே புகுந்து பிடித்து இழுத்தது. மணிக்கு 160 மைல் அளவோடு அதன் வேகம் நின்றது. அப்பொழுது பீற்றர் புரொக் என்ற இளைஞர் அதே எஞ்சினை வைத்து, ஏறக்குறைய அதே அடிச்சட்டத்தின் மேல் கூரையும் நீண்ட வாலும் கொண்ட உடல் ஒன்றை வரைந்தார். டேடோனா கூபே எனப்பட்ட அவ்வண்டி மணிக்கு 190 மைலை நெருங்கியது. 1964 இல் லெ மான்ஸில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1965 இல் அப்பிரிவின் உலகப் பட்டத்தை வென்று தந்தது. மொத்தம் ஆறு வண்டிகளே செய்யப்பட்டன. இன்று அமெரிக்காவில் கோப்ராவின் சாயலிலும் டேடோனாவின் சாயலிலும் பொருத்தும் கார்த் தொகுதிகள் விற்கப்படுகின்றன. அங்குள்ள ஆர்வலர்கள் இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்று இரவிரவாக விவாதிக்கின்றனர்.

இச்சான்றைக் கூபே கட்சியார் பெருமையோடு எடுத்துக் காட்டுவர். நானும் கூபே கட்சியைச் சேர்ந்தவனே. எனினும் இதனை என் வாதத்துக்குத் துணையாகக் கொள்ளமாட்டேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். லெ மான்ஸில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் நமது பாதையிலே, ஆடும் மாடும் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் கலந்து செல்லும் இடத்திலே, அத்தகைய வேகத்துக்கு வேலையே இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்பவனுக்குக் கூரையால் வரும் வேக இலாபம் பொருட்படுத்தத் தக்கதன்று. பிற நாட்டார் ஒரு பொருளை எக்காரணத்துக்காகப் புகழ்ந்தார்களோ அக்காரணம் நமக்கும் பொருந்துமா என்று நிறுத்துப் பார்த்தே கொள்ள வேண்டும்.

நமக்குப் பொருந்தும் காரணங்கள் நம் வானத்திலும் கடலிலும் இருக்கின்றன. எங்கள் கரைக்கு வருட மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக் காற்றோடு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் திறந்த காரை வைத்திருப்பவர் அதனைப் படங்கால் மூடிவைத்துப் பார்த்திருக்கலாமேயன்றி ஓட்ட முடியாது. மழை ஓய்ந்து சிறுபோக காலம் வந்தால் கச்சான் காற்று. அது வீசும் பகற்பொழுதில் புழுதியும் வெப்பமும் முகத்தில் அறைவதை இப்பகுதியார் நன்கறிவர். எஞ்சியிருப்பது மாலையும் இரவும். அவ்வேளையில் கடலின் உப்புப் பனி இறங்கும். இருக்கையின் இரும்பு, மின்கம்பியின் இணைப்பு, மிதிப்பலகையின் அச்சு ஆகிய யாவற்றையும் அது மெல்ல மெல்ல அரிக்கும். பைபர் துருப்பிடிப்பதில்லை, அதன் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். கூரையும் கதவும் அவ்வரிப்பைச் சில வருடங்களேனும் ஒத்திப்போடும்.

எதிர்க்கட்சியின் நியாயங்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர்களது முதல் நியாயம் செலவும் எளிமையும். திறந்த காருக்குக் கதவு வேண்டா, பக்கக் கண்ணாடி வேண்டா, நீர் கசியாத பொருத்து வேண்டா. 1996 இல் இங்கிலாந்தில் ரொன் சாம்பியன் என்பவர், பழைய கார் ஒன்றின் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே விளையாட்டுக் கார் செய்யும் வழியை ஒரு நூலாக எழுதினார். அவர் காட்டியது லோட்டஸ் செவன் போன்ற திறந்த வண்டியே. சதுர இரும்புக் குழாயும் வெல்டிங் இயந்திரமும் பொறுமையும் உடையவன் அதனைச் செய்து முடிக்கலாம் என்று பல நாட்டு இளைஞர் நம்பியதற்கு அவ்வெளிமையே காரணம். இந்தியாவிலும் சிங்காரா என்ற சிறு நிறுவனம் பைபர் உடலும் இசுசு எஞ்சினும் கொண்டு செய்த முதல் வண்டி திறந்த ரோட்ஸ்டர்தான். தொடங்கிய வேலையை முடிப்பது பெரிது. முடிக்கக்கூடியதைத் தொடங்குவது அறிவு. இவ்வாதத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது நியாயம் வெப்பம். மூடிய சிறு காருக்குள் எஞ்சினின் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்தால் அடுப்பாகிவிடும் என்கின்றனர். இதுவும் உண்மையே. புகழ்பெற்ற டேடோனா கூபேயை ஓட்டியவர்களும் உள்ளே வெந்துபோனதாகவே பேசப்படுகிறது.

மூன்றாவது நியாயத்தை அந்த இளைஞரே என்னிடம் கூறினார். "சேர், கூரை போட்டால் உள்ளே இருப்பது யார் என்று எவருக்குத் தெரியும்?" என்றார். கேட்டதும் சிரிப்பு வந்தது, பின்னர் வரவில்லை. ஏழு வருடம் பிறருடைய காரைப் பிறருக்காக ஓட்டியவர் அவர். அந்தக் கார்களின் கண்ணாடிகள் கறுப்பு. வீதியில் சென்றோர் காரைக் கண்டனர். அவரைக் கண்டார் எவருமில்லை. தமது காரிலே தமது முகம் தெரியப் போக வேண்டுமென்று அவர் விரும்புவதை வீண் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வெளிநாடு சென்று உழைத்துத் திரும்பும் நம் பிள்ளைகள் பலரின் உள்ளத்தில் இத்தகைய தாகம் உண்டு. அதனை ஊர் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும் என் முடிவு கூபேயின் பக்கமே. ஒவ்வொரு நியாயத்துக்கும் என் மறுமொழியைக் கூறுகிறேன்.

வெப்பத்துக்கு வழியுண்டு. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையே வெப்பம் கடத்தாத திரை, முன்னே காற்று நுழையவும் பின்னே வெளியேறவும் வாய்கள், வெளிர் நிறப் பூச்சு, திறந்து இறக்கக்கூடிய கண்ணாடி ஆகியவை போதும். நம் வீடுகளின் கூரையை வெயிலுக்கு அஞ்சி நாம் பிரித்துவிடுவதில்லை, சாளரம் வைத்துக்கொள்கிறோம்.

செலவும் உழைப்பும் கூபேக்கு அதிகம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மேலதிக உழைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். திறந்த காரை ஒரு மனிதன் தனியே செய்து முடிக்கலாம். கூபே பலரை வேண்டி நிற்கும். அச்செடுக்கப் படகு செய்பவர் வேண்டும். கூரை வளைவை ஒட்ட நல்ல வெல்டிங்காரர் வேண்டும். கதவுக்கும் பூட்டுக்கும் கராஜ் மேசன் வேண்டும். உட்புறத்துக்குக் குஷன் தைப்பவர் வேண்டும். இவர்கள் யாவரும் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாரமும் முறுக்கமும் பற்றிக் கணித்துச் சொல்ல அங்கே மாணவர்கள் உளர். இதுவரை ஒருவரோடொருவர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்யாத இந்தக் கைகளை ஒரு கூரை ஒன்று சேர்க்குமாயின், அதற்காகும் செலவை நான் நட்டமென்று எழுதேன்.

இலங்கையரின் கைக்கு இது புதிதுமன்று. 1970களில் உபாலி விஜேவர்தன இந்நாட்டிலே ஃபியட், மஸ்தா கார்களைப் பொருத்தினார். பின்னர் மைக்ரோ நிறுவனம் தோன்றிற்று. 1948 இல் பிறந்த மொரிஸ் மைனர் காரின் பாகங்களை 1990களில் இலங்கைத் தொழிற்சாலை ஒன்று செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. அந்த மொரிஸ் மைனரும் நமக்கு ஒரு பாடம் சொல்லும். அதனைச் செய்தவர்களே துணிக் கூரை கொண்ட வகையொன்றையும் விற்றனர். அதற்காக அடிப்பாகத்தை மேலதிக உருக்கால் பலப்படுத்தினர். கூரையை அறுத்துவிட்டால் திறந்த கார் ஆகிவிடும் என்று எண்ணி மூடிய காரை அறுப்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும் வரை, ஓடிய பழைய வண்டிகளை ஓட வைத்தவை இந்நாட்டுக் கராஜ்களே. அந்தத் திறமைக்கு இப்போது ஒரு மேல்வகுப்பு வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே, வேண்டும்போது கழற்றி வைக்கும் கடினக் கூரை ஒன்றைச் செய்யலாம் என்பாரும் உளர். கழற்றும் கூரை பாரம் தாங்காது. எனவே திறந்த காருக்கு வேண்டிய இரும்பு முழுவதும் வேண்டும். மழை புகாதிருக்க மூடிய காருக்கு வேண்டிய நுணுக்கமும் முழுவதும் வேண்டும். இரு வண்டிகளின் துன்பத்தையும் ஒரு வண்டியில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாதியில் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு மருந்து வேலை ஒழுங்கில் இருக்கிறது. முதலில் பதிவைப் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்திலே கேட்டறிய வேண்டும். பதிவில்லாத கார் முற்றத்துச் சிலையே. இங்கிலாந்தில் கையால் செய்த காரைத் தனித்தனியே சோதித்து அனுமதிக்கும் முறை உண்டு. அத்தகைய தெளிவான வழி நம் நாட்டு இளைஞருக்கும் வேண்டுமென்று ஆசிரியர்களும் பொறியியலாளரும் குரல் கொடுக்க வேண்டும். அடுத்து, அடிச்சட்டத்தோடு கூரை வளைவையும் உருக்கால் ஒட்டிவிட வேண்டும். பைபர் கூரை மட்டும் கவிழும் காரில் எவர் தலையையும் காவாது. காப்பது உள்ளிருக்கும் உருக்கு வளைவே. சந்தையில் எளிதில் கிடைக்கும் முன்கண்ணாடி ஒன்றை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ப உடலை வரைய வேண்டும். உடலைச் செய்துவிட்டுக் கண்ணாடி தேடுவோரின் வேலைதான் பெரும்பாலும் நின்றுபோகிறது. எஞ்சினும் தடுப்பும் சுக்கானும் சரிவர இயங்கிய பின்னரே பைபரில் கை வைக்க வேண்டும். பிசின் கலக்கும்போது காற்றோட்டமான கொட்டிலும் முகமூடியும் இன்றியமையாதவை. பிள்ளைகளை அங்கே அண்டவிடலாகாது.

முகம் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் இயந்திர விடை எதுவும் என்னிடம் இல்லை. ஒன்று சொல்வேன். அக்காரில் இருக்கைகள் இரண்டு. ஒன்றில் அவர் இருப்பார். மற்றதில் இருக்கப்போவது யார்? முழங்கால் நோவுடன் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகும் உம்மா, மழையிலே கற்பிக்கப் போகும் மனைவி, காய்ச்சலில் துவளும் பிள்ளை. இவர்களுள் எவரையும் திறந்த வண்டி மார்கழியில் ஏற்றிச் செல்லாது. அவர் தனியே போவதை ஊர் ஒரு கிழமை வேடிக்கை பார்க்கும், பின்னர் மறக்கும். மழையிலே அவர் வீட்டாரும் அயலாரும் நனையாமல் இறங்கும் வண்டி யார் செய்தது என்பதை அவ்வூர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருக்கும். அறியப்படுதல் என்பது அதுவே என நான் கருதுகிறேன்.

திறந்த வண்டிலையும் கூடார வண்டிலையும் ஒருங்கே வைத்திருந்த போடியாருக்கு இத்தெரிவு எளிதாக இருந்தது. ஒன்றே ஒன்றைச் செய்யக்கூடிய பணமும் காலமும் உடையவருக்கு அது எளிதன்று. அத்தகையவர் கூரையோடு செய்யட்டும். இரண்டாவது காரைச் செய்யும் வல்லமையும் வசதியும் பின்னொரு நாள் வருமாயின், அப்போது திறந்த வண்டியைச் செய்து கடற்கரை வீதியில் மாலைக் காற்று வாங்கட்டும். முதல் ஆளாக ஏறிக்கொள்ள நான் சித்தமாயிருக்கிறேன்.